செம்புக்கு வாரம் ஒருமுறை

ஆர்னெல்,

கப்பல் வேலை முடிந்து நீ வரும் விமானம் மணிலாவில் இறங்க இரவு எட்டாகும். நான் தைபே போகும் விமானம் மதியம் இரண்டுக்கே கிளம்பிவிடும். ஒன்பது மாதம் காத்திருந்து, ஆறு மணி நேரத்தில் உன்னைத் தவறவிடுகிறேன். அங்கே நான் வேலைக்குச் சேரும் தொழிற்சாலையில் இரண்டு நாள் தள்ளி வரக் கேட்டேன், தரவில்லை. நீதான் நம்பாமல், "நான் வர்றப்பதான் உனக்குப் போகணுமா?" என்று போனை வைத்துவிட்டாய்.

அடோபோ கறி ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு.

நீ புகை இழுக்கும் வேப் கருவி இரண்டும் அலமாரியில். எவர்சில்வரில் செய்தது பராமரிப்பு ஒன்றும் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. செம்பில் செய்ததுதான் வாரத்துக்குள் கறுத்துவிடும். ஞாயிறுதோறும் பேட்டரியைக் கழற்றி, கலமான்சி எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டுத் தேய்த்து, திருகு மரையில் ஈரமில்லாமல் உலர்த்தினேன். பக்கத்து வீட்டு சயோங் அக்கா, "ஆளே இங்க இல்ல, அவன் வேப்புக்கு வாராவாரம் குளியலாடி?" என்று சிரிப்பாள். அதைத் தேய்க்கும்போது மட்டும் நீ பக்கத்து அறையில் இருப்பதுபோல இருக்கும். அவளிடம் இதை எப்படிச் சொல்வது?

பேட்டரி உறை கிழிந்திருந்தால் போடாதே.

மரிவிக்

பி.கு. டாக்ஸி வந்துவிட்டது. போன ஞாயிறு துடைத்து முடித்ததும் செம்பை வெறுங்கையால் இறுகப் பிடித்துவிட்டு வைத்தேன். கைத்தடம் எவர்சில்வரில் நிற்காது, இதில் நிற்கும். என் ஐந்து விரலும் கறுப்பாய்ப் பதிந்திருக்கும். அதன்மேல் உன் கையை வைத்துப் பார். நாளைவரை துடைக்காதே.