கசற்றின் கடைசியில் கிடந்த மிச்சம்

புரட்டாதி, செவ்வாய் இரவு

கடைசிச் சண்டைக்கு முந்தி புதுக்குடியிருப்பில் நான் றெக்கோடிங் பார் நடத்திய காலத்தில் பாட்டுப் பதிந்து கொடுத்த கசற் ஒன்றைப் போன கிழமை ஒரு பெண் என் இப்போதைய கடைக்குக் கொண்டுவந்தார். அதில் உள்ளதைத் தன் போனில் ஏற்றித் தரச் சொன்னார். அட்டையில் பாட்டுகளின் பெயர்கள் என் கையெழுத்தில் இருந்தன. நாடா சிக்குப்பட்டுக் கிடந்தது. பென்சிலைத் துளையில் விட்டுச் சுற்றியிருந்தால் சரிவந்திருக்கும். எனக்குப் பஞ்சி. சோம்பலில் அதே பாட்டுகளை இன்ரநெற்றில் இறக்கிவிட்டு, கசற்றை நேற்றுக் கடைக் குப்பையோடு போட்டு எரித்தேன்.

இன்று அந்தப் பெண் வந்ததும் போனில் ஏற்றிக் கொடுத்தேன். கடைசிப் பாட்டை மட்டும் போடச் சொன்னார்.

"பாட்டு முடிய என்ர மகள் கதைப்பாள் அண்ணை. அதைக் காணேல்லை."

"அது அழிஞ்சு போச்சுத் தங்கச்சி" என்றேன். கொஞ்சமும் கூசவில்லை.

"நீங்கள்தானே அண்டைக்குச் சொன்னனீங்கள், கடைசியில கொஞ்சம் மிச்சம் கிடக்கு, பிள்ளையின்ர குரலைப் பிடிச்சு வையுங்கோ எண்டு."

ஓம். கசற்றைக் கொடுக்கும்போது எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லுவேன். அதை எரிக்கும்போது எனக்கு நினைவு வரவில்லை.

மகள் இப்போது எங்கே என்று கேட்க வாய் வரவில்லை.

"பரவாயில்லை அண்ணை. அந்தக் கசற்றைத் தாங்கோ, சும்மா வச்சிருக்கிறன்" என்றார்.

தேடி எடுத்து வைக்கிறேன், நாளைக்கு வாங்கோ என்று அனுப்பிவிட்டேன்.

முதல் பஸ்ஸுக்கே வாறன் என்று சொல்லிவிட்டுப் போனார்.