பத்தி அணையும் வரை

ஆகஸ்ட் 11
மழை. துணி எதுவும் காயவில்லை. ஐந்தரைக்கு லாய்ஃபு வழக்கம்போல் வாசலில் போய் உட்கார்ந்தது. என் கணவர் யூ-செங்கின் மீன்பிடிப் படகு காணாமல் போய் இரண்டு வருடம். அவர் வீடு திரும்பும் நேரத்தை அவருடைய நாய் இன்னும் மறக்கவில்லை. நான் மட்டும் என்ன? கதவைத் தாழிடாமல்தான் தூங்குகிறேன்.

ஆகஸ்ட் 17
நாளை நல்ல அண்ணன்களுக்குப் படையல். போக்கிடமில்லாத ஆவிகளை, அவர்கள் வெளியே உலவும் இந்தச் சந்திர மாதம் முழுக்க, வேறு பெயரால் அழைக்கக் கூடாது. யூ-செங்கின் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் கறுப்புச் சாக்லேட்டை வாங்கி வந்தேன். நாத்தனார் பி-யுன் அக்கா பார்த்துவிட்டார்.
"உடம்பே கிடைக்கல. அதுக்குள்ள என் தம்பிய அவங்க வரிசையில நிக்க வைக்கிறியா?"
சாக்லேட்டைப் பைக்குள் தள்ளினேன்.

ஆகஸ்ட் 18
மூன்று மணிக்கு வாசலில் மேசை போட்டோம். நூடுல்ஸ், பழம், பீர். கீழே அவர்கள் கை கழுவத் தண்ணீர்த் தொட்டி, புது வெள்ளைத் துண்டு. ஓரத்தில் ஒரு தட்டில் சாக்லேட், பத்துத் துண்டு. அவர் பெயரை மெல்லச் சொன்னேன். சொல்லக் கூடாது, தெரியும்.

பத்தி ஏற்றிவிட்டு, தேநீர் எடுக்க உள்ளே போனேன். திரும்பினால் தட்டு காலி. மேசைக்கடியில் லாய்ஃபு மூக்கை நக்கிக்கொண்டிருந்தது.

"நாய்க்கு அது விஷம் அக்கா!"
"பத்தி எரியுது. அவங்க சாப்பிடுறப்போ மேசைகிட்ட போகாத. இரு, உப்புத் தண்ணி கலக்கறேன்."

படித்தவள் நான்; உப்புத் தண்ணீர் வேண்டாம் என்று தடுத்தேன். ஆனாலும் நின்றேன். ஐம்பது நிமிடம்! யாருக்குப் பயந்து?

பத்தி அணைந்ததும் லாய்ஃபுவை ஸ்கூட்டரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். மடியில் அதன் இதயம் தடதடவென்று.

"எப்போ சாப்பிட்டுச்சு?" என்றார் கால்நடை டாக்டர் லியாவ்.
"இப்பத்தான்—" பொய். "இல்ல, ஒரு மணி நேரம் ஆச்சு."
"உப்புத் தண்ணி குடுத்தீங்களா?"
"இல்ல."
"நல்லவேளை. அதுவே கொன்னுடும். பார்த்த நொடியே போன் பண்ணணும், சாக்லேட் உறையக் கையோட கொண்டு வரணும். சாமியெல்லாம் அப்புறம்."

ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார். வாந்தித் தட்டில் நான்கு துண்டுகள். வைத்தது பத்து என்றேன்.
"மிச்சம் ஆறு உள்ள இருந்தா, இந்த எட்டுக் கிலோ உடம்பு தாங்காது. எண்ணித்தான் வச்சீங்களா?"
எண்ணித்தான் வைத்தேன்.

ஆகஸ்ட் 19
உயிரோடு இருக்கிறது.

"ஆறும் உள்ள போகவே இல்ல. யாரோ முன்னாடியே எடுத்திருக்காங்க" என்றார் டாக்டர்.

வீட்டில் அக்கா மேசையை எடுத்துவிட்டிருந்தார். தொட்டி அப்படியே. வெள்ளைத் துண்டை எடுத்தேன். பழுப்பாக நான்கு விரல் தடங்கள். மோதிர விரல் மட்டும் பாதியில் நின்றது. யூ-செங்கின் அந்த விரலை, கல்யாணத்துக்கு முன்பே, வலை இழுக்கும் இயந்திரம் பாதி தின்றிருந்தது.

"அக்கா, சாக்லேட்ல நீங்க கை வச்சீங்களா?"
"பத்தி எரியறப்போ நானா? வாயக் கழுவுடி—"
திட்டிக்கொண்டே வந்தவர் துண்டைப் பார்த்தார். படியில் உட்கார்ந்துவிட்டார். "துவைக்காத" என்றார்.

ஆகஸ்ட் 20
துண்டு இன்னும் ஈரமாகவே இருக்கிறது. வெயில் கொளுத்துகிறது.

ஆகஸ்ட் 22
அக்கா என் அறைக்கு மாடியேறி வந்தார். உட்காரவில்லை.
"கூடத்துல நாம கும்பிடற முன்னோர் பலகையில அவன் பேர எழுதச் சொல்லிட்டேன். சொந்த வீடு இருக்கறப்போ அவன் ஏன் வெளிய நின்னு சாப்பிடணும்?"

செப்டம்பர் 2
நல்ல அண்ணன்களின் மாதம் இன்றோடு முடிகிறது. காலையில் தொட்டுப் பார்த்தேன், துண்டு காய்ந்திருந்தது.
ஐந்தரை. லாய்ஃபு வாசலுக்குப் போகவில்லை. உள்ளே, பலகைக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டு வாலை ஆட்டியது.
கதவைத் தாழிட்டேன்.