ஏழாவது கேள்விக்கு ஆம்

அன்புள்ள பம்பரத்துக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடிப் போர்ஷனில் பெரியம்மாவும் சுகம், அங்கே நீயும் உன் இரண்டு முழங்கால்களும் சுகமா என்று தெரிந்துகொள்ள ஆசை. நீ அனுப்பிய கனத்த உறை செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது, நான் வேலையில் இருந்தேன், அம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமல் ரேடியோ மேல் வைத்திருந்தாள். உள்ளே உன் டிகிரிக்கு என்னென்ன முடிக்க வேண்டும் என்கிற பத்துப் பக்க நகல், பெற்றோர் நிரப்ப வேண்டிய உடல்நல விவரப் படிவம், அதன் மேல் உன் கையெழுத்தில் ஒரு மஞ்சள் சீட்டு: "அப்பா, எல்லாக் கேள்விக்கும் இல்லைன்னு டிக் பண்ணி, கீழ கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்க, இருபதாம் தேதிக்குள்ள கொடுக்கணும்." உடனே அனுப்பாததற்கு முதலில் மன்னித்துவிடு. உன் அப்பனைப் பற்றித் தெரியாதா, இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவன், மோட்டார் ரூம் சுவரில் தொங்கும் அட்டையில் தேதி, செய்த வேலை, கையெழுத்து என்று மூன்று கட்டம் இருக்கும், அந்த மூன்றாவது கட்டத்தை நான் நிரப்புவதற்கு முன் ஒரு தடவையாவது அந்த லிஃப்டில் நானே ஏறி மேலிருந்து கீழ்வரை போய் வந்துவிடுவேன். மற்றவர்கள் வெறும் கையெழுத்துப் போடுவார்கள், நான் பக்கத்தில் "ஏறிப் பார்த்தேன்" என்றும் எழுதுவேன், கம்பெனியில் என்னைக் கேலி செய்வதே அதை வைத்துத்தான். அதனால் உன் பத்துப் பக்கத்தையும் படிக்க உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா, "பொண்ணு அவசரம்னு எழுதியிருக்கா, நீங்க பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிக்கிறீங்க" என்று முணுமுணுத்தாள், பிறகு அவளும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

உண்மையைச் சொன்னால், இத்தனை நாளும் உன் படிப்பு என்றால் ஓடுவது, தாண்டுவது, விசில் ஊதுவது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் விளையாட்டு என்பேன், நான் விளையாட்டாகச் சொல்கிறேன் என்று அவர்கள் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரித்து வைப்பேன். இந்தத் தாளைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. நான்கு வருஷம், நூற்றிருபது கிரெடிட், முதல் வருஷமே உடற்கூறியல், அதில் இருநூற்றாறு எலும்புகளும் பெயரோடு தெரிந்திருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. உன் அம்மா தன் முழங்கையைத் தடவிக்கொண்டே, "இதுக்கெல்லாம்கூடவா பேரு வெச்சிருக்காங்க" என்றாள். நீச்சலில் தேற வேண்டும், முதலுதவிச் சான்றிதழ் வேண்டும், வெளியே போய் நானூறு மணி நேரம் களப்பயிற்சி வேண்டும், விளையாட்டு உளவியல், மைதானத்தை நடத்தும் நிர்வாகம், சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு விளையாட்டை வடிவமைக்கும் ஒரு பாடம். இந்தக் கடைசிப் பாடத்தை மட்டும் என்ன ஆனாலும் விடாதே, லிஃப்ட் வாசலில் ஓர் அங்குல மேடு இருந்தாலும் அந்த நாற்காலி என்ன பாடுபடும் என்று பார்த்தவன் சொல்கிறேன். ஆனால் எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்துக்கொண்டது இரண்டாம் வருஷத்தில் இருக்கிற "ஓய்வு நேரமும் சமூகமும்" என்கிற பாடம்தான். ஓய்வு நேரம் என்றால் என்ன என்பதைப் படிக்க ஒரு பருவம் முழுக்க வேண்டுமாம். அது என்னதான் என்று எனக்கும் தெரிய வேண்டும்போல ஆகிவிட்டது. எட்டு மாடி அலுவலகக் கட்டடத்து வாட்ச்மேனிடம் உங்களுக்கு ஓய்வு நேரம் எவ்வளவு என்று கேட்டேன், அவர் கொஞ்சம் யோசித்து, "சார், சும்மா உக்காந்திருக்கறதுதான் என் வேலையே, இதுல ஓய்வைத் தனியா எங்கேர்ந்து எடுக்கறது?" என்றார். உன் பேராசிரியர் இதற்கு என்ன சொல்வார் என்று கேட்டு எழுது. அதே கட்டடத்தில் ஒரு மணி நேரம் வாசலில் நின்று பார்த்தேன், ஓர் அம்மாள் லிஃப்டைக் கூப்பிட பொத்தானைப் பதினொரு தடவை அமுக்கினார், ஒரு தடவை அமுக்கினால் போதும் என்று எழுதி ஒட்டியதே நான்தான். அரை நிமிஷம் சும்மா நிற்க முடியாத ஜனங்களுக்கு ஓய்வு நேரத்தைக் கொடுத்து அதை என்ன செய்யச் சொல்வீர்கள், அது பாடத்தில் வருகிறதா இல்லையா, அதையும் எழுது.

இப்படிச் சிரித்துக்கொண்டே மூன்றாம் வருஷத்துக்கு வந்தேன். அங்கே உடற்பயிற்சி ஆய்வகம் என்று இருக்கிறது, மாணவர்களையே முகமூடி மாட்டி டிரெட்மில் என்கிற ஓடும் பட்டையில் ஏற்றி, மூச்சு வாங்கும் எல்லை வரை ஓடவிட்டு, மற்ற மாணவர்கள் அளவெடுக்க வேண்டும், அதற்குத்தான் இந்தப் படிவம். ஆஸ்துமா உண்டா, இல்லை. எலும்பு முறிவு உண்டா, இல்லை (கொய்யா மரத்திலிருந்து விழுந்தது சுளுக்குத்தான் என்று அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள்). இப்படி ஆறு வரை வேகமாகப் போன பேனா ஏழில் நின்றுவிட்டது. "உங்கள் குடும்பத்தில் நெருங்கிய உறவினர் எவரேனும் ஐம்பது வயதுக்குமுன் திடீரென இறந்ததுண்டா, அல்லது ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுந்ததுண்டா?" பேனாவை மூடி வைத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். உன் பெரியப்பா காய்ச்சலில் போனார் என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறோம். அவர் காய்ச்சலில் போகவில்லை பம்பரம். அப்போது உனக்கு மூன்று வயது, அவருக்கு முப்பத்துநான்கு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இரவு வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து படுத்திருந்தார். எங்கள் தெருப் பையன்களோடு பந்து விளையாட எனக்கு ஓர் ஆள் குறைந்தது. நான்தான் போய் எழுப்பினேன், வேண்டாம்டா தூக்கம் வருதுடா என்றார், ஒரு அரை மணி நேரம்தான் வாண்ணா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பந்தைத் துரத்திக்கொண்டு ஓடியவர் அப்படியே முகங்குப்புற விழுந்தார், வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்து நாங்கள் கைகூடத் தட்டினோம். துக்கம் கேட்க வந்தவர்கள் என்ன ஆச்சு என்று கேட்டபோது, நான் கூட்டிக்கொண்டு போனேன் என்று சொல்ல வாய் வரவில்லை, இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று சொன்னேன். அந்தப் பொய்யை முதலில் சொன்னது நான். பெரியம்மாவுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் பதினேழு வருஷமாக என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அதோடு போயிருந்தால்கூட ஒருவேளை நானும் நீ சொன்னபடி டிக் பண்ணியிருப்பேனோ என்னவோ. ஆனால் இரண்டு மாதம் முந்தி நீ எழுதிய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன், கடைசிப் பக்கத்து ஓரத்தில், மூன்றாவது சுற்று ஓடும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன், காலையில் சாப்பிடவில்லை அதனால்தான் என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தாய். அப்போது அம்மா சாப்பாட்டைப் பற்றித் திட்டி எழுதினாள், நானும் அதோடு விட்டுவிட்டேன். இந்தத் தடவை அந்த வரியை நாலு முறை படித்தேன். மறுநாள் காலையில் பெரியம்மாவிடம் போய், இந்த மாதிரி கேட்டிருக்கிறார்கள், உண்மையை எழுதப்போகிறேன், உங்களிடம் கேட்காமல் எழுத மாட்டேன் என்றேன். துணி மடித்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, "எழுதுங்க தம்பி, அந்தப் பொய்யும் நரைச்சுப் போச்சு" என்றார். அன்றைக்கே தன் மகனுக்கு, உன் அண்ணனுக்குப் போன் போட்டு அவரே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். எனக்கு உள்ளூரப் பயம், அவன் என்னை என்ன நினைப்பானோ என்று. அவனோ, "அப்பா வெளையாடிக்கிட்டிருக்கும்போதா போனாரு? அது தெரிஞ்சிருந்தா நான் எவ்வளவோ நல்லா இருந்திருப்பேனேம்மா, காய்ச்சல்ல கெடந்து கஷ்டப்பட்டாருன்னுல்ல இத்தனை வருஷம் நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றானாம். பெரியம்மா இதைச் சொல்லிவிட்டு மடித்த துணியையே திரும்பப் பிரித்து மடித்தார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சரி, எழுதுவது என்றால் பார்த்துவிட்டு எழுத வேண்டும் அல்லவா, வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு இதய டாக்டரிடம் போனேன். நம் பக்கத்துத் தெருப் பெண் மாதிரி சின்ன வயது டாக்டரம்மா. நெஞ்சில் பத்து ஒயர் ஒட்டி, உங்கள் ஆய்வகத்தில் இருக்கிறதே அதே மாதிரி ஓடும் பட்டையில் ஏற்றிவிட்டார்கள், மூன்று நிமிஷத்துக்கு ஒருதரம் வேகமும் கூடுகிறது மேடும் கூடுகிறது. நாங்கள் லிஃப்டில் மூட்டை ஏற்றிப் பாரம் சோதிப்போமே, அன்றைக்கு நான்தான் மூட்டை. ஒன்பது நிமிஷம் தாக்குப்பிடித்தேன், அதற்குள் டாக்டரம்மாவை நான் கேட்ட கேள்வியில் அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. இதயத்தில் ஓடுகிற மின்சாரம் வெளியே எத்தனை வோல்ட் காட்டும் என்று கேட்டேன், ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட் என்றார். நானூறு வோல்ட்டோடு புழங்குகிறவன் அசந்துபோய்விட்டேன், வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதை வைத்துக்கொண்டா நாம் இத்தனை ஆட்டம் ஆடுகிறோம்! ஸ்கேனும் எடுத்தார்கள், என் இதயத்தில் கோளாறு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அலட்சியம் செய்யாதே. "உங்களுக்கு நல்லாயிருக்குன்னா நல்ல சேதிதான் சார், அதை வெச்சு உங்க பொண்ணுக்கும் ஒண்ணுமில்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஓடும்போது கண்ணு இருட்டுச்சுன்னா அது ஒண்ணே போதும், அவங்களை நேர்ல பார்க்கணும். பார்க்கிற வரைக்கும் ஓட வேணாம்." உன் அண்ணனும் கட்டாயம் வந்து காட்ட வேண்டும் என்றார், அவனுக்கு வரும் திங்கட்கிழமை நேரம் வாங்கியாயிற்று. கிளம்பும்போது, நான் கூப்பிட்டதால்தான் என் அண்ணன் போனாரா டாக்டர் என்று கேட்டுவிட்டேன், கேட்க வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை, வந்துவிட்டது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உள்ள கோளாறு இருந்திருந்தா, நீங்க கூப்பிடலைன்னாலும் ஒரு நாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருப்பாரு சார். அன்னிக்கு யாருக்கும் பார்க்கத் தெரியலை, இன்னிக்கு நமக்குத் தெரியுது" என்றார்.

அதனால் பம்பரம், ஏழாவது கேள்விக்கு ஆம் என்று எழுதிவிட்டேன். பெரியப்பாவின் வயது, விழுந்த விதம், உனக்குக் கண் இருட்டியது எல்லாம் கீழே விளக்கமாக எழுதியிருக்கிறேன். கோபப்படுவாய், இதனால் டிகிரியே போய்விடும் என்று பயந்துதானே எல்லாவற்றுக்கும் இல்லை போடச் சொன்னாய். அது அப்படியில்லை. உன் அம்மா தன் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்து ஒன்பதாம் பக்கத்து அடியில் இருக்கிற எறும்பு எழுத்தைப் படித்துவிட்டாள், நீ படித்திருக்க மாட்டாய். ஆம் என்று எழுதினவர்கள் மருத்துவர் கடிதம் கொண்டுவரும் வரை ஓடக்கூடாது, ஆனால் அளவெடுப்பவராக அதே ஆய்வகத்தில் இருக்கலாம், மதிப்பெண்ணில் குறை இல்லை. கடிதம் கிடைக்காமலே போனாலும் பொழுதுபோக்கு நிர்வாகப் பிரிவுக்கு மாறி அதே நாலு வருஷத்தில் அதே பட்டம் வாங்கலாம். ஓடினால்தான் நீ என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், எனக்குத் தெரியும், ஓட முடியாது என்று சொன்னால் உடைந்து போவாய், அதுவும் தெரியும். ஒன்றும் இருக்காது என்று நான் எழுத மாட்டேன், பார்க்காமல் சொல்வது என் வழக்கமில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஒரு தடவை ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவன் நான், இன்னொரு தடவை கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட என்னால் ஆகாது.

இந்த வாரமே உங்கள் ஊர் மருத்துவமனையில் நேரம் வாங்கு, மஞ்சள் சீட்டு ஒட்டுகிற அவசரத்தை இதில் காட்டு. தனியாகப் போகாதே, அறைத்தோழியைக் கூட்டிக்கொண்டு போ. எலும்புகளின் பெயரைச் சாப்பிடும்போது படிக்காதே, சாப்பிடும்போது சாப்பிடு. அம்மா தன் பங்குக்கு ஒரு ஜோடி காலுறையும் நாற்பது அறிவுரையும் கொடுத்தாள், காலுறையை மட்டும் இதோடு வைத்து அனுப்புகிறேன். உறைக்குள் மோட்டார் ரூம் அட்டை ஒன்று இருக்கும், எழுதாத புது அட்டை, ஸ்டோரில் கேட்டு வாங்கினேன். தேதி, செய்த வேலை, கையெழுத்து, மூன்று கட்டமும் காலி. பரிசோதனை முடிந்ததும் முடிவு நல்லதோ கெட்டதோ அதை நீயே நிரப்பித் தபாலில் போடு. எங்கள் மூன்று பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, நீ ஓடினாலும் சரி, ஓரமாக நின்று அளவெடுத்தாலும் சரி. படிவத்தில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் பழக்க தோஷத்தில் ஒரு வரி சேர்த்து எழுதிவிட்டேன், உன் பேராசிரியர் என்ன இது என்று கேட்டால் எங்கள் அப்பா அப்படித்தான் என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் வரிக்காகக் காத்திருக்கும் அப்பா
(ஏறிப் பார்த்தேன்)