சுண்டு உனக்கு மட்டும் எழுதியது

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது,

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, அப்பா லிஃப்ட் பழுதுபார்க்கப் போய் வருகிறார், நான் மருந்துக் கடைக்குப் போய் வருகிறேன். ஆனால் உன் தங்கை சுண்டு எங்களோடு முகம் பார்த்துப் பேசிப் பதினோரு நாள் ஆகிறது. அதற்குக் காரணம் நீ.

ஜெபம் பண்ணினால் சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது, நம்பிக்கை வராமல், விசுவாசத்தைச் சபை முன்னால் உறுதிசொல்லும் திடப்படுத்தலுக்கு எப்படி நிற்பது என்று பதினாறு வயதுப் பிள்ளை உனக்கு எழுதியிருக்கிறாள். எங்களிடம் சொல்லப் பயந்து அண்ணனை நம்பி எழுதினாள். நீ அதை அப்படியே சபையின் ஜெபக்குழுவுக்கு அனுப்பி வைத்தாய். ஞாயிறு ஆராதனையில் போதகர், லிஃப்ட்காரர் மகள் விசுவாசத்துக்குத் திரும்பி வர ஜெபிப்போம் என்று மைக்கில் சொல்லிவிட்டார். அவள் பாடகர் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அத்தனை தலையும் திரும்பியது. பாட்டுப் புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டு நடந்து வெளியே போனாள். அக்கறையில்தான் செய்தேன் என்று போனில் சொல்கிறாய். அக்கறையாவது மண்ணாவது. என் கடையில் ஒருவர் குரலைத் தாழ்த்தி ஒரு மருந்து கேட்டால் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பேன், அடுத்து நிற்பவரிடம் அவர் வியாதியைச் சொல்லி ஜெபிக்கச் சொல்ல மாட்டேன். அந்தப் புத்தி உனக்கு எங்கே போயிற்று?

என்னையும் திட்டிக்கொள்கிறேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மானம் போயிற்றே என்று அவளிடம் கத்தியது நான்தான், போதகரிடம் போய் மன்னிப்புக் கேள் என்று வேறு சொன்னேன். பெற்றோரைக் கனம்பண்ண வேதத்தில் சொல்லியிருக்கிறது என்று அப்பாவும் ஒத்து ஊதினார். பிள்ளைகளுக்குச் சொன்ன கையோடு பெற்றோருக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறது, பிள்ளையைச் சீண்டாதே என்று. அந்த இடம் வந்தால் மட்டும் நமக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாது. நேற்று அவள் அறை வாசலில் நின்று, தப்பு என்மேல்தான் என்றேன். கதவைத் திறக்காமலே, "நான் இயேசுவ விட்டுப் போகலம்மா, தேடிக்கிட்டுதான் இருந்தேன். நீங்கல்லாம் நடுவுல வந்து நின்னுட்டீங்க" என்றாள். அதைக் கேட்ட அப்பா நேற்று ராத்திரி சாப்பிடவே இல்லை.

போதகரிடம் நான் போய், மைக்கில் சொன்னது நியாயமா என்று நேரிலேயே கேட்டுவிட்டேன், அவர் அவளிடம் வந்து பேசுகிறேன் என்றிருக்கிறார். உன் பங்கை நீ செய். அவளுக்குக் கடிதம் எழுது. வசனம் வேண்டாம், புத்திமதி வேண்டாம், நீ என்மேல் வைத்த நம்பிக்கையைக் கெடுத்துவிட்டேன் என்று மட்டும் எழுது. அவள் பதில் போடாவிட்டால் அதையும் வாங்கிக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு. கோபம் தீரவில்லை, ஆனாலும் கர்த்தர் உன்னைக் கண்போலக் காக்கட்டும் என்றுதான் தினமும் கேட்கிறேன். ஒன்றை மறக்காதே: அவள் பதில் எழுதினால், என்ன எழுதினாள் என்று எனக்குச் சொல்லாதே. நானே கேட்டாலும் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா