மிதிக்க ஒருவர், பார்க்க ஒருவர்

மாப்ள,

மூன்று தடவை சோப்புப் போட்டும் விரல் இடுக்கில் கரி போகவில்லை. சோற்றைப் பிசைந்தால் டீசல் மணக்கிறது. உன் வாடகைக் காரைப் புகைச் சோதனைக்குத் தயார்செய்ததில் ஒட்டியது. போனவன் சும்மா போகாமல் எனக்கு வேலை வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய்.

நீ கண்ணை மூடின நாளிலிருந்து எட்டு மாதமாக வேப்பமரத்தடியில் நின்ற வண்டி. ஏர் பில்டருக்குள் எலி பிள்ளைகுட்டியோடு குடியிருந்தது. நாளைக்குத் தகுதிச் சான்றுக்கு, அதுதான் எப்.சி.க்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குள் புகையில் தேறாவிட்டால் பழைய இரும்புதான் என்று இருந்தது. இரும்புக்காரர் இரண்டு தடவை வந்து சுற்றிப் பார்த்துவிட்டார். உன் பெண்சாதி மட்டும், "அவுக வண்டி ஓடணும்ண்ணே. நீங்களே ஓட்டுங்க" என்று ஒரே பிடியாக நிற்கிறது. தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டேன், மறுக்க முடியுமா?

ஆயில் மாற்றினேன். டீசல் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். அடைந்த கரியைக் கக்கட்டும் என்று செம்பட்டி வரை மூன்றாவது கியரிலேயே விரட்டினேன். வருஷா வருஷம் நீ செய்கிற வேலைதான். பின்னால் வருகிறவன் மூக்கைப் பொத்தினால், "நம்ம பாவமெல்லாம் போகுதுடா, குறுக்க வராத" என்பாய்.

சைலன்சர் வாயைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் புகை குறையும் என்று ஒரு வருஷம் நான் சொல்ல, நீயும் நம்பினாயே! சோதனை செய்கிறவர் குழாயைச் செருகக் குனிந்தார், நீ மிதித்தாய், கரித்தண்ணீர் பீய்ச்சி அவர் சட்டையெல்லாம் புள்ளி. "எவன்யா கழுவுனது?" என்று அவர் குதித்தார். நீ கூசாமல் என்னைக் கைகாட்டி, "குளிப்பாட்டத்தான் சார் சொன்னேன். இவன் பல்லும் வெளக்கிவிட்டுட்டான்" என்றாய். அன்றைக்கு நம்மைத் துரத்திவிட்டார்கள்.

இன்றைக்கு எல்லாம் தனியாகவே முடிந்தது, கடைசி வேலையைத் தவிர. உள்ளே ஒருவர் மிதிக்க வேண்டும், பின்னால் ஒருவர் நின்று புகையைப் பார்க்க வேண்டும். இருபது வருஷமாக நீ மிதிப்பாய், நான் பார்ப்பேன். ஆக்சிலேட்டர் மேல் செங்கல்லை வைத்துவிட்டுப் பின்னால் ஓடினேன். வண்டி அலறியது. நான் போய்ச் சேர்வதற்குள் செங்கல் சரிந்துவிட்டது. மறுபடி வைத்தேன், மறுபடி ஓடினேன். மூன்றாவது ஓட்டத்தில் மூச்சு வாங்கி டிக்கியில் சாய்ந்துவிட்டேன். முடியவில்லை மாப்ள. இரும்புக்காரரையே கூப்பிட்டுவிடலாம் என்று போனை எடுத்தேன்.

தங்கச்சி வெளியே வந்தது. "தள்ளுங்கண்ணே, நான் மிதிக்கிறேன்."

"ஒனக்குப் பிரேக்கு எதுன்னு தெரியுமா?"

"செங்கலுக்கு மட்டும் தெரிஞ்சுச்சாக்கும்?"

நியூட்ரலில்தான் இருக்கிறதா என்று பார்த்து, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுப் பின்னால் போனேன். முதலில் கறுப்பாக வந்தது. பிறகு சாம்பல். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இன்னும் மிதி மாப்ள!" என்று கத்திவிட்டேன்.

உறுமல் நின்றது. வண்டி தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. உள்ளே முந்தானை முகம் வரை ஏறி இறங்கியது தெரிந்தது. சக்கரத்துக்கு வைத்த கல்லைக் குனிந்து சரிசெய்தேன்.

"பொகையப் பாருங்கண்ணே" என்று குரல் மட்டும் வந்தது. அப்புறம் ஒரே மிதி. நீ மிதிப்பதைவிட நல்ல மிதி, கோபித்துக்கொள்ளாதே. குழாய்க்குப் பின்னாலிருந்த சுவர் பளிச்சென்று தெரிந்தது.

மதியம் சோதனையில் தேறிவிட்டது. சான்றைத் தங்கச்சி கையில் கொடுத்தேன். எப்.சி. முடிந்ததும் உன் வண்டி ஓடும், நான்தான் ஓட்டுவேன். உன் நெட்டைக் காலுக்காகப் பின்னால் தள்ளிப்போட்ட சீட் அப்படியே இருக்கிறது. முன்னால் இழுக்கச் சீட்டுக்கடியில் இருக்கும் கம்பியைத் தொட்டேன், மனசு வரவில்லை. இன்று முழுக்க நுனியில் உட்கார்ந்துதான் ஓட்டினேன். இடுப்பு ஒடிகிறதடா.