வெறுங்காலோடு போனவர்

கிளென் ஈடன்,
ஒக்லாந்து.

அன்புள்ள பிரசாந்திக்கு,

நீயும் மருமகனும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் குறைவு. போனில் கதைத்தால் அப்பா பக்கத்திலேயே இருப்பார், அதனால்தான் கடிதம்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் காட்டுச் சரிவை, வீடு கட்டுகிறவர்களிடம் போகவிடாமல் அறக்கட்டளைக்காரர் வாங்கி, எல்லாரும் நடக்கலாம் என்று திறந்துவிட்டது உனக்குத் தெரியும். அதற்குக் காசு சேர்க்க அப்பா கோயிலில் ஆள் ஆளாகப் பிடித்துக் கெஞ்சினார். வீட்டுக் கூரை ஒழுகினால் ஏறாத மனிசன், சனிக்கிழமை முழுக்க அங்கே களை பிடுங்குவார்.

இந்த நாட்டுப் பெருமரமான கவுரியைக் கொல்லும் நோய் மண்ணோடு உள்ளே போகக்கூடாதென்று, வாசலில் சப்பாத்தைத் தேய்த்து மருந்தடிக்க இடம் வைத்திருக்கிறார்கள். அப்பாவோ நடுவில் நிற்கும் பெரிய கவுரியைச் சாமியாகவே பார்த்தார். வேறு காடுகளில் நடந்துவிட்டு நேரே வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு போவார். செருப்பே இல்லாதபோது எதைத் தேய்ப்பது என்று நினைத்துவிட்டார். தான் கூட்டிவந்த எங்கள் சனத்துக்கும் அப்படியே சொன்னார். இத்தனை வருஷமும் அந்த வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன.

தை மாதம் மரத்தடியில் பிசின் வடிந்தது. மண்ணைச் சோதித்தார்கள், நோய்தான். மாற்ற மருந்தில்லை, தள்ளிப்போடத்தான் முடியுமாம். காட்டைப் பூட்டிவிட்டார்கள். அறக்கட்டளைக்குப் பொறுப்பான ரூத் வீட்டுக்கு வந்து, நோய் முன்பே இருந்திருக்கலாம், யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்றார். அன்று மாலைதான் அப்பா உனக்குப் போன் எடுத்து, காலில் ஒட்டிய மண்ணாலும் பரவுமா என்று கேட்டார். பரவும் என்றாய். எதற்குக் கேட்கிறார் என்று உனக்கு எப்படித் தெரியும்.

மறுநாளே அந்தச் சப்பாத்து மருந்தைக் கொண்டுவந்து காலைத் தேய்க்கத் தொடங்கினார். குழாயடியில் குந்தியிருந்து, தோல் உரியும்வரை. புண் வந்தால் ஆறாத சீனி வருத்தக்காரரின் கால், பிள்ளை. கோபத்தில் போத்தலைக் குப்பையில் எறிந்தேன்; இன்னொன்று வாங்கி வந்தார். இப்போது பெருவிரல் கறுத்துவிட்டது. விரலை உடனே எடுக்காவிட்டால் காலை எடுக்க வேண்டி வரும், அதற்கும் பிந்தினால் உயிருக்கே ஆபத்து என்கிறார் டொக்டர். இவர் சம்மதிக்க மாட்டேன் என்கிறார். நான் அழுது கேட்டதற்கு ஒன்றுதான் சொன்னார்.

"இந்தக் கால்தானே கொண்டு போனது, ராணி. போனால் போகட்டும்."

நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைக்கிறார். ரூத் சொன்னது மரியாதைக்காம். பயிர் நோய் படித்தவள் நீ, உன் சொல்லை நம்புவார். வெள்ளிக்கிழமைக்கு ஒப்பரேஷன் வைத்திருக்கிறார்கள். அதற்குள் போன் எடுத்து, வடிவாக விசாரித்தேன் அப்பா, வெறுங்காலால் அது பரவாது, நான்தான் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லு. குரல் நடுங்காமல் சொல்லு.

சின்ன வயதில் ஒரு பொய்க்காக உன்னைச் சாப்பாடில்லாமல் படுக்க வைத்தவள்தான் கேட்கிறேன். இந்தப் பாவம் முழுவதும் என் கணக்கில் சேரட்டும். நீ நீடூழி வாழ வேண்டும்.

உன் அம்மா,
யோகராணி