கோச்சி வராத கடவை

இந்தப் பள்ளிக்கூடத்து மாமரத்தில் ஒரு துண்டுத் தண்டவாளம் தொங்குகிறது. ஊரைவிட்டு ஓடிவந்த எங்களை அதை அடித்துத்தான் கஞ்சிக்குக் கூப்பிடுகிறார்கள். இரும்பில் இரும்பு மோதியதும் எல்லோரும் கோப்பையோடு முற்றத்துக்கு ஓடுகிறார்கள். நான் மட்டும் நின்றுவிடுகிறேன். உங்களால் வந்த பழக்கம்.

நாம் கலியாணம் செய்த வருடம். அரியாலையில், நம் வீட்டுக்குப் பக்கத்துக் காவலில்லாத் தண்டவாளக் கடவையில், வெங்காயத் தோட்டத்துப் பெண்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தைக் கோச்சி அடித்துக்கொண்டு போனது. றெயில்வேயில் சிக்னல் வேலை பார்த்த நீங்கள்தான் முதலில் ஓடினீர்கள். அவர்களை வெங்காயச் சாக்குகளிலேயே பொறுக்கிக் கட்டினீர்கள். ஒரு கை கிடைக்கவில்லை. பொழுதுபடும்வரை பற்றைச் செடிகளுக்குள் தேடினீர்கள்.

பிறகு உங்களுக்கு வேறு நினைப்பே இருக்கவில்லை. கடவைக்கு வெகு தூரம் முன்னால், தண்டவாளத்தோடு ஒரு நெம்புகோலைப் பொருத்தினீர்கள். கோச்சிச் சில்லு அதை அழுத்தினால் கடவையில் மணி அடிக்கும். எத்தனையோ தரம் அடிக்காமல் பிழைத்துப்போய், கடைசியில் அடித்தது. மாடுகள் நின்றன. மனிதர்கள்தான் நிற்கவில்லை.

"இஞ்சினியர், உங்கடை மணிக்கு என்ரை பெஞ்சாதியும் பயப்பிடாள்," என்று சைக்கிளை மிதித்தபடியே ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். நீங்கள் பூவரசந்தடியோடு கடவையில் நின்றீர்கள். "மணி அடிச்சா நில்லுங்கோ. செத்தவீடெண்டாலும் நில்லுங்கோ." மெல்ல மெல்லச் சனம் பழகியது. சைக்கிளால் இறங்கி, ஒரு காலை ஊன்றி, இரண்டு பக்கமும் பார்த்தது. பாடை காவி வந்தவர்களும் நின்றார்கள். அந்தக் கடவையில் பிறகு கோச்சி ஒருவரையும் கொல்லவில்லை.

சண்டை கோச்சியை நிறுத்தியது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகின. நீங்களும் கழற்றிக் கொடுத்தீர்கள். மணியை மட்டும் விடவில்லை. அதன் கம்பியை நம் வீட்டுக் கூரைவரை இழுத்துவந்தீர்கள், குண்டுபோட வரும் பொம்மரைக் கண்டால் அடிக்க. இனி மணி கேட்டால் ஓட வேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னீர்கள். சொன்னது தலைக்குள் போனது, கால்களுக்குப் போகவில்லை.

அன்று காலை பொம்மர் கடல்நீரேரிப் பக்கத்தால் தாழப் பதிந்து வந்தது. நீங்கள் கம்பியை இழுத்தீர்கள். மண்ணெண்ணெய் வாங்கப் போய்க்கொண்டிருந்தவர்கள் கடவையடியில் சைக்கிளால் இறங்கி, காலை ஊன்றி நின்றார்கள். தண்டவாளமில்லாத வெறும் கல்மேட்டை இரண்டு பக்கமும் பார்த்தார்கள். கூரையிலிருந்து குதித்து அவர்களிடம் ஓடினீர்கள்.

"கோச்சி இல்லை! ஓடுங்கோ, ஓடுங்கோ!"

ஓடியவர்கள் தப்பினார்கள். குண்டு விழுந்து புழுதி அடங்கியபோது சைக்கிள் கம்பிகளில் சதை தொங்கியது. சட்டைத் துணியை வைத்துத்தான் உங்களை அடையாளம் கண்டேன். கிடைத்ததைப் பாயில் சேர்த்துக் கட்டினேன். காது கிழிந்த ஒரு பெண் இரத்தத்துக்குள் இருந்தபடி சொல்லிக்கொண்டேயிருந்தாள்: "மணி அடிச்சது, நிண்டனாங்கள்." அவள் குரலில் கோபம் இல்லை.

இன்று காலை, கஞ்சிக்கு அடிப்பவர், பொம்மர் வந்தாலும் இதையே அடிப்பேன் என்று எல்லோருக்கும் அறிவித்தார். ஊரில் ரீச்சராக இருந்த நான் அவரிடம் போனேன்.

"வேண்டாம் தம்பி. இதைக் கேட்டாச் சனம் முற்றத்துக்குத்தான் ஓடிவரும்."

"அப்ப என்னத்தை அடிக்கிறது, ரீச்சர்?"

"ஒண்டையும் அடியாதையுங்கோ. ஓடுங்கோ எண்டு கத்துங்கோ."

தன் தொண்டை ஆருக்குக் கேட்கும் என்று சிரித்தார். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். முற்றத்து நடுவில் நின்று, உங்களைப் போலவே கத்திக் காட்டினேன். பிள்ளைகள் கோப்பைகளைப் போட்டுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடினார்கள்.

ஒருவரும் நிற்கவில்லை.